மூன்றாவது கேள்விக்கு என் பதில்

புதிதாக வங்கி வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். கேட்டவர் கவிதா. இப்போது உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பாளர் அவர்தான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் நான் மேலாளராக இருந்தபோது, அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத அதிகாரியாக இருந்தார். எதைப் பற்றி எழுதட்டும் என்று போனில் கேட்டேன். "நீங்களே எழுதிடுங்க சார்" என்றார்.

இதே வார்த்தைகளை முன்பும் ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று நான் எழுதியது பொய். அதனால் இன்று அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை கோடி டெபாசிட் சேர்த்தோம், எந்த மோசடியை மூக்கால் மோந்தே கண்டுபிடித்தோம் என்று எழுதுவோம். அப்படி ஒன்று என்னிடமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த தவறுக்கு விதை அதில்தான் இருந்தது.

பட்டுக்கோட்டையில் எழுத்தராக இருந்த காலம். தேங்காய் மண்டிக்காரர் ஒருவருக்கு வடக்கேயிருந்து தபாலில் வந்த டிராஃப்டை வழியில் எவனோ திருடிவிட்டான். திருடியவன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் கவுண்டருக்கே வந்து நின்றான். டிராஃப்டில் இருந்த பெயரைப் படித்தேன். அந்த மண்டிக்காரரை எனக்கு நேரில் தெரியாது. ஆனாலும் பெயரை உரக்கச் சொல்லி, "உங்க தகப்பனார் பேரு என்னங்க?" என்று கேட்டேன். அவன் ஒரு கணம் திணறினான். அந்த ஒரு கணம் எனக்குப் போதுமாக இருந்தது. பணம் தப்பித்தது. மண்டிக்காரர் ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பினார். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து வந்து கை கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. பணத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அதைக் காவல் காக்கும். டிராஃப்ட், தந்திப் பணம், அஞ்சல் மூலம் மாற்றம் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான், பெயரைப் படிப்பான், ஆளைப் பார்ப்பான். இருபத்தெட்டு வருடம் இந்த நம்பிக்கை என்னைக் கைவிடவில்லை. ஆகவே அதைச் சோதித்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

பிறகு கிளைகளெல்லாம் கணினி வழியாக ஒன்றோடொன்று இணைந்தன. மணிக்கொரு பேட்ச்சாகச் சேர்த்து மும்பைக்கு அனுப்பும் பணம் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வாரம் எத்தனை பேரை அப்படி அனுப்ப வைத்தீர்கள் என்று மண்டல அலுவலகம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டது. எங்கள் கிளை எப்போதும் கடைசி வரிசையில்தான் இருந்தது.

அந்த வருடங்களில் டெல்டாவில் அறுப்புக்கு ஆள் கிடையாது. திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கும், அறுக்கக் கை இருக்காது. சேலம் பக்கமிருந்து அறுவடை இயந்திரங்கள் வரும். தை மாதத்து ஈர வயலில் டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான் வேண்டும். செயின் வண்டிக்காரர் சொன்னதுதான் வாடகை.

ஆரோக்கியசாமி அந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து திரும்பி வந்தார். பதினெட்டு வருடம் அங்கே மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவர். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். இவர் சம்பாதித்து இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். சொந்தமாக ஒரு செயின் வண்டி வாங்கிவிட்டால் இனி ஊரிலேயே இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. "பொறந்ததுலேருந்து எல்லா லீவையும் கூட்டிப் பாத்தா இருபத்திரண்டு மாசம்தான் சார் அதுகூட இருந்திருக்கேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

புது வண்டி அவருக்கு எட்டாது. தவணை கட்டாதவர்களிடமிருந்து பைனான்ஸ் கம்பெனிகள் பிடுங்கிய வண்டிகளை இணையதளத்தில் ஏலம் விட ஆரம்பித்திருந்தார்கள். ஆந்திராவில் அப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தும் ஒரு யார்டில் நின்ற வண்டியை இவர் நேரில் போய்ப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வந்து, பாபநாசத்தில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து ஏலம் கேட்டார். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வண்டி இவருக்கு விழுந்தது. வண்டி உண்மை, ஏலம் உண்மை, கம்பெனியும் உண்மை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏமாளி அல்ல.

மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பதினோரு மணிக்கு மேல் இருக்கும். அவரும் அவர் மனைவி லூர்துவும் என் அறைக்கு வந்தார்கள்.

"வாங்க துபாய், உக்காருங்க" என்றேன்.

"துபாயெல்லாம் முடிஞ்சுது சார். இனிமே பாபநாசம்தான்."

லூர்து உட்காராமலே சொன்னார்: "இதோட மூணு தடவை முடிஞ்சிருக்கு சார். அதான் இந்தத் தடவை பாஸ்போர்ட்ட பொட்டியில வச்சுப் பூட்டி, சாவிய நான் முடிஞ்சு வச்சிருக்கேன்." முந்தானை முனையைத் தூக்கிக் காட்டினார். மூவரும் சிரித்தோம்.

ஆரோக்கியசாமி இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஏலத்தில் ஜெயித்த மறுநாள் வந்த கடிதம் ஒன்று. அதில் பணம் கட்ட மூன்று வழிகள் இருந்தன. கம்பெனி பெயருக்கு டிராஃப்ட் எடுத்து யார்டிலேயே நேரில் கொடுக்கலாம். அல்லது ஏல இணையதளத்திடம் கட்டலாம். வண்டி லாரியில் ஏறும்வரை பணத்தை அவர்கள் நடுவில் நிறுத்தி வைத்திருப்பார்கள், அதற்கு நூற்றுக்கு இரண்டு கட்டணம். அல்லது கம்பெனிக் கணக்குக்கு நேராக அனுப்பலாம். கணக்கு எண் கேட்டால் தரப்படும். இரண்டாவது தாள் அன்று காலையில் வந்த மின்னஞ்சல். டிராஃப்ட் ஏற்பதை நிறுத்திவிட்டோம், இன்று நாலு மணிக்குள் கீழ்க்கண்ட கணக்குக்கு நேராக அனுப்பினால் கட்டணம் எதுவும் இல்லை, தவறினால் வண்டி அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது. கணக்கு எண்ணுக்கு மேலே கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில்.

"எந்த வழியில அனுப்பட்டும் சார்? தங்கச்சி மவன் ஷார்ஜாவுல இருக்கான். காசு கொஞ்சம் கூடப் போனாலும் நடுவுல நிறுத்தி வைக்கிறதுலயே கட்டுங்க மாமாங்குறான்."

"பத்தொன்பதாயிரம் ரூபாய எதுக்குத் தூக்கிக் கொடுக்கறீங்க? ஒரு வாரத்து டீசலுங்க அது."

"அதுவும் சரிதான். அப்ப ஒரு டிடி போட்டுக் கொடுங்க. இன்னைக்கே ரயில் ஏறிடுறேன். திங்கக்கிழமை காலைல கையில கொடுத்துட்டு வண்டிய ஏத்திக்கிட்டு வந்துர்றேன்."

"டிடி வேணாம்னு இதுல போட்டிருக்கே, பாக்கலையா? எந்தக் காலத்துல இருக்கீங்க ஆரோக்கியசாமி? பன்னெண்டு மணி பேட்ச்சுல போட்டா நீங்க சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள பணம் அங்க நிக்கும்."

"வேற யாருக்கும் போயிடாதுல்ல சார்?"

"கம்பெனி பேர்ல போட்டா கம்பெனிக்குத்தான் போவும். பேர் இருக்குல்ல!"

கவிதா வேறு ஏதோ கையெழுத்துக்காக வாசலில் நின்றிருந்தார். "சார், ஒரு நிமிஷம்" என்றார்.

"என்னம்மா?"

"இதுல அந்தப் பக்கம் பேரைச் சரிபாக்க மாட்டாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க சார். கணக்கு நம்பரை மட்டும்தான் பாக்குமாம். மொத லெட்டர்ல கம்பெனி போன் நம்பர் இருக்கு. ஒரு போன் போட்டு இந்தக் கணக்கு அவங்களதான்னு கேட்டுட்டா..."

"சனிக்கிழமை எவன் எடுப்பான்? நான் பணம் அனுப்ப ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட. போயி பாரத்தை எடுத்துட்டு வா."

ஆரோக்கியசாமி மரியாதைக்குச் சிரித்தார். லூர்து சிரிக்கவில்லை. கவிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்குப் பத்தொன்பதாயிரம் மிச்சமாகட்டும் என்பது கொஞ்சம் உண்மை. வாடிக்கையாளர் எதிரில் ஒரு சின்னப் பெண் திருத்திவிட்டாளே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிய உண்மை. இன்னொன்றும் உண்டு. அந்த வாரம் எங்கள் கிளையிலிருந்து போன மின்னணுப் பணமாற்றங்கள் நான்கே நான்கு. இது ஐந்தாவதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. பெரிய தவறுக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஆரோக்கியசாமி படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் லூர்து தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி பொடிப் பொடியா என்னமோ போட்டிருக்கே சார், என்னது?"

"எல்லாப் பாரத்துலயும் இருக்கறதுதாம்மா."

அதை நான் அதுவரை படித்ததில்லை. கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணம் வரவு வைக்கப்படும், பெயர் பொருந்தாவிட்டால் வங்கி பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. பதினொன்று ஐம்பதுக்குப் பணம் போய்விட்டது.

ஆரோக்கியசாமி சொன்னபடியே சாயங்காலம் ரயிலேறிவிட்டார். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு யார்டிலிருந்து போன் வந்தது.

"சார், வண்டிய வுட மாட்டேங்குறாங்க. பணம் வரலைங்குறாங்க."

"வந்திருக்கும். நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

"நாலு தடவை பாத்துட்டாங்க சார். டிடி வாங்க மாட்டோம்னு நாங்க எப்பச் சொன்னோம்னு கேக்குறாங்க. அந்த மெயிலே அவங்க அனுப்பலையாம்." பின்னால் லாரிக்காரர் எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "லாரி வாடகை பேசிக் கூட்டியாந்துட்டேன் சார். என்ன சார் பண்றது?"

கவிதா அதற்குள் அந்தக் கணக்கு இருந்த வங்கிக்குப் போன் போட்டிருந்தார். எங்கோ வடக்கே ஒரு கிளை. கணக்கு கம்பெனியினுடையது அல்ல, யாரோ ஒரு தனி ஆளுடையது. தொடங்கி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை பிற்பகலிலேயே பணம் வேறு வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டது. மிச்சம் சில நூறு ரூபாய். ஏலத்தில் ஜெயித்தவர்களின் விவரத்தை எப்படியோ எட்டிப் பார்த்த எவனோ ஒருவன் அந்த மின்னஞ்சலை அனுப்பியிருந்தான்.

"பேரை யாருமே பாக்கலையா?" என்று கேட்டேன். நான் கேட்டது என் காதுக்கே கேவலமாக இருந்தது.

"நம்பர் சரியா இருந்துச்சு சார். வரவு ஆயிடுச்சு" என்றார் கவிதா. நான்தான் சொன்னேனே என்ற தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது வழி கிடைத்திருக்கும்.

அன்றைக்கே அந்தக் கம்பெனிக்கு அவர் போன் போட்டுப் பார்த்தார், முதல் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு. எடுத்தார்கள். சனிக்கிழமையும் மூன்று மணி வரை ஆள் இருப்பார்கள் என்று சொன்னார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் எழுதி வைத்திருந்த குறிப்பில் நானே பார்த்தேன்.

போலீஸில் புகார் கொடுத்தோம். கொடுத்ததோடு சரி. பொங்கல் போய்ப் பத்து நாள் கழித்துக் கணவனும் மனைவியும் கிளைக்கு வந்தார்கள். பென்ஷன் நாள், கூடம் நிறையக் கூட்டம். லூர்து நேராக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதான சார் சொன்னீங்க? டிடி போடறேன்னு சொன்ன மனுசன எந்தக் காலத்துல இருக்கேன்னு கேட்டது யாரு? அந்தப் பொண்ணு அன்னைக்கே வேணாம்னு சொல்லுச்சே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. "அம்மா, உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றேன்.

"உள்ள வந்துதான சார் இப்படி ஆச்சு!"

ஆரோக்கியசாமி அவர் கையைப் பிடித்தார். "வா லூர்து. சார் நல்லதுக்குத்தான் சொன்னாரு. அனுப்புனது நான். என் கையெழுத்து."

"உனக்கு வெக்கமா இல்ல? இன்னும் சாரு சாருங்குற."

அவர் என்னைப் பார்த்து, ஏதோ தான் தவறு செய்துவிட்டதுபோல, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

லூர்து அதோடு விடவில்லை. மகளை எழுதச் சொல்லி எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்பினார். அங்கிருந்து கிளைக்கு மூன்று கேள்விகள் வந்தன. படிவத்தில் வாடிக்கையாளரின் கையெழுத்து உள்ளதா? பணம் படிவத்தில் உள்ள எண்ணுக்கே அனுப்பப்பட்டதா? கிளை ஊழியர் எவரேனும் இந்த முறையில் பணம் செலுத்தும்படி வாடிக்கையாளருக்குச் சொன்னாரா?

மூன்றாவதற்கு 'ஆம்' என்று பதில் போயிருந்தால் வங்கி அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்கக்கூடும். முழுவதும் கிடைத்திருக்காது. வேறொரு பழைய வண்டிக்கு முன்பணமாகக் கட்டும் அளவுக்காவது கிடைத்திருக்கலாம். என்மீது விசாரணை வந்திருக்கும். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. பென்ஷனில் கை வைத்திருப்பார்கள்.

கவிதா பதிலைத் தட்டச்சு செய்து கொண்டு வந்தார். முதலிரண்டு கேள்விகளுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதற்கு எதிரே வெற்றிடம்.

"இதையும் அடிச்சிருக்கலாமேம்மா."

"நீங்களே எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார்.

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று அதை எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன். 'இல்லை' என்று எழுதினேன். வாடிக்கையாளர் தம் சொந்த முடிவின்படியே அனுப்பினார் என்று யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன். கவிதா வந்து எடுத்துப் படித்தார். உறையில் போட்டு ஒட்டினார். கிளையின் அந்தப் பதிலையே காரணமாகக் காட்டி, புகார் ஒரு மாதத்தில் தள்ளுபடி ஆனது.

ஆரோக்கியசாமி மறுபடி துபாய் போனார். போவதற்கு முன் கணக்கை மனைவி பெயரோடு சேர்க்கக் கிளைக்கு வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் இயந்திரம் ஓட்டும் வேலை கிடைக்கவில்லை, ஒரு தொழிலாளர் முகாமில் காவல் வேலை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேசைமேல் கொஞ்சம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"சார், அந்தப் பதிலை நீங்க ஏன் அப்படி எழுதினீங்கன்னு எனக்குத் தெரியும். என் பணம் போச்சு. உங்க பென்ஷனும் போயி யாருக்கு என்ன லாபம்? விடுங்க."

அந்த 'விடுங்க'வை நான் பிடித்துக்கொண்டேன். அவரே விட்டுவிட்டார் என்று பல மாதங்கள் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

ஓய்வு பெற்ற வருடம் திருக்கடையூரில் எனக்கு மணிவிழா. இரண்டு வேன்களில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். மயிலாடுதுறை தாண்டியதும் கவிதாவிடமிருந்து போன். "ஆரோக்கியசாமி இறந்துட்டாராம் சார். துபாய்ல, முகாம்லயே. ஹார்ட் அட்டாக்காம். பாடி திருச்சிக்கு வர எட்டு நாள் ஆகுமாம்."

யாரு, என்ன என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று எனக்கு எண்பத்துநாலு கலசம் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆயுசு பெருக வேண்டும் என்று மந்திரம் சொன்னார்கள். வந்தவர்களெல்லாம் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். அத்தனையும் வாங்கிக்கொண்டு, கொடுத்துக்கொண்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் கடைசியில் நின்றேன். பணம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு வந்த பணிக்கொடை அப்போது வங்கியில் கிடந்தது. கொடுத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் எழுதியது பொய் என்று ஆகும். அதனால் கொடுக்கவில்லை. லூர்து என்னைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். கத்தவில்லை.

"கடைசி வரைக்கும் உங்க பேர யார்கிட்டயும் சொல்லல சார் அவரு. புகாரு தள்ளுபடியானதுக்கப்புறம் என்னையும் சொல்ல வுடல" என்றார். பிறகு, "பாஸ்போர்ட்டு சாவிய அவரு கேக்கல. நான்தான் அவுத்துக் கொடுத்தேன்" என்றார்.

மகள் பதினொன்றாவதோடு நின்றுவிட்டாள் என்றும், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்றும் அங்கே யாரோ பேசிக்கொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய தொழில் விஷயம் கொஞ்சம் உண்டு. இன்று உங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள் டிராக்டரும் ஆழ்குழாய் மோட்டாரும் பழைய காரும் இணைய ஏலத்தில் எடுக்கிறார்கள். எதில் கட்டட்டும் என்று உங்களைக் கேட்பார்கள். வேகம், கட்டணம் இரண்டையும் கடைசியில் பாருங்கள். பொருள் கைக்கு வரும்வரை பணம் யார் கையில் இருக்கும் என்று முதலில் பாருங்கள். தகராறு வந்தால் திருப்பிக் கேட்க வழி உண்டா என்று பாருங்கள். நடுவில் நிறுத்தி வைக்கும் முறையிலும் கார்டிலும் அந்த வழி ஓரளவு உண்டு, நேராக அனுப்பிய பணத்துக்கு அநேகமாகக் கிடையாது. கேட்கிற கட்டணம் அந்த வழிக்கான விலை, வீண் செலவு அல்ல. இப்போது அனுப்புவதற்கு முன் பெயரைத் திரை காட்டுகிறது என்கிறார்கள். நல்லது. இருந்தாலும், அவசரப்படுத்தி வந்த தாளில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, அதற்கு முன்பே கையில் இருந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

உங்களில் இளையவர் எவரேனும் வாசலில் நின்று "ஒரு நிமிஷம் சார்" என்றால், அந்த ஒரு நிமிடத்தைக் கொடுங்கள். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் ஒரு மனிதருக்கும் அன்று அவ்வளவுதான் தேவைப்பட்டது.

தவறு செய்வீர்கள். நான் அந்தச் சனிக்கிழமை செய்ததும் தவறுதான், அதற்குக்கூட மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வெற்றிடத்தில் நான் எழுதியது தவறு அல்ல. தெரிந்தே எழுதியது.

இதுவரை எழுதியதைப் போன வாரம் லூர்துவிடம் எடுத்துப் போனேன். பயிற்சி மையத்துக்கு அனுப்புவதற்கு முன் அவர் படிக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நிதானமாகப் படித்தார். ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. முடித்ததும் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இது அந்தப் புள்ளைங்களுக்கு எழுதினது. எனக்கு இவ்வளவு வேணாம் சார். அந்த மூணாவது கேள்விக்கு மட்டும் தனித் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் அனுப்பிக்கிறேன்."

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பணம் வருமான்னு தெரியலம்மா."

"பணம் வரும்னு சொன்னேனா? அவரா போயி ஏமாந்தாருன்னு அவங்க தாள்ல இருக்குல்ல. அது அப்படியே இருக்கக் கூடாது."

அவருடைய மகள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள். அந்தக் கேள்வியை அப்படியே எழுதினேன். இன்றும் வார்த்தை மாறாமல் எனக்கு மனப்பாடம். கீழே, 'ஆம். நான் சொன்னேன். அன்று இல்லை என்று எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் நகல் ஒன்று இந்தக் கட்டுரையோடு உங்கள் பயிற்சி மையத்துக்கும் வருகிறது. என் பென்ஷன் குறித்துத் தலைமை அலுவலகம் என்ன செய்யும் என்று தெரியாது.

கையெழுத்துக்குக் கீழே, கேள்வியை எழுதிய அதே வேகத்தில், அந்தப் பழைய பதில் கடிதத்தின் தேதியையே எழுத ஆரம்பித்திருந்தேன். லூர்து விரலை வைத்துத் தடுத்தார்.

"அன்னைக்குத் தேதி போடாதீங்க சார். அன்னைக்கு நீங்க சொல்லல. இன்னைக்குத்தான் சொல்றீங்க."

அடித்துவிட்டு, அவர் சொன்ன 'இன்னைக்கு'த் தேதியைப் போட்டேன்.